துருவும் துலக்கமும்

தமிழில் ‘விளக்குதல்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. அறியாததை அறியச் செய்தல் ஒன்று. அழுக்கேறியதைத் தேய்த்துத் துலங்கச் செய்தல் மற்றொன்று. பாட்டின் பொருளை விளக்குவதும் பாத்திரத்தை விளக்குவதும் ஒரே சொல்லால் வழங்கப்படுவது மிகப் பொருத்தமே. மறைந்து கிடப்பதை வெளிக்கொணர்வதே இரண்டிலும் நிகழும் செயல்.

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வீட்டு வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் பழைய பனியனும் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளைத் துடைக்கும் மனிதனை மலேசியாவின் எந்த ஊரிலும் காணலாம். அவன் பொழுதைப் போக்குகிறான் என்று சிலர் எண்ணக்கூடும். பகட்டுக்காகப் பாடுபடுகிறான் என்று வேறு சிலர் கருதக்கூடும். ஆனால், அவன் கையிலுள்ள கந்தைத் துணிக்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. இரும்பைத் துருவிலிருந்து காப்பதற்கு மனிதன் கண்ட வழிகள் அவ்வரலாற்றின் ஒரு பகுதி. தனக்கென்று பெரிதாக ஒன்றும் இல்லாதிருந்த தொழிலாளி, தன் பெயரில் ஒரு வண்டியை உடையவனான கதை அதன் மறுபகுதி. ஒன்றைவிட்டு ஒன்றை அறிந்தால் அத்துணிக்குரிய மதிப்பு விளங்காது.

குதிரை லாயத்தில் தொடங்கிய தொழில்

ஊர்தியைத் துலக்கும் வழக்கம் மோட்டாரோடு பிறந்ததன்று. அதற்கு முன்பே குதிரையோடு பிறந்தது. மலாயாவில் காரோட்டியைக் குறிக்க நெடுங்காலம் வழங்கிய ‘சைஸ்’ என்னும் சொல்லே இதற்குச் சான்று. அரபு மொழியில் தோன்றி, இந்துஸ்தானி வழியாகக் கிழக்கே வந்த அச்சொல், குதிரையைக் குளிப்பாட்டித் தேய்த்துப் பேணும் பணியாளைக் குறித்தது. குதிரை போய் மோட்டார் வந்தபோதும் பெயர் மாறவில்லை. குதிரையின் முதுகைத் தேய்த்தவனுக்குரிய பெயரே காரை ஓட்டித் துடைத்து வைப்பவனுக்கும் உரியதாயிற்று. உடைமை ஒருவருடையது, துலக்கும் உழைப்பு மற்றொருவருடையது என்னும் ஏற்பாடும் அவ்வாறே தொடர்ந்தது.

1885ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கான்ஸ்டாட் நகரில் டைம்லரும் மைபாக்கும் உருவாக்கிய முதல் மோட்டார் சைக்கிளின் சட்டம் மரத்தாலானது. 1894இல் மூனிக் நகரின் ஹில்டபிராண்ட் – வுல்ஃப்முல்லர் நிறுவனத்தார், விற்பனைக்கென்று பல வண்டிகளைச் செய்யத் தொடங்கினர். அதன் பின் வந்தோர் பெரும்பாலும் சைக்கிளையே தாயாகக் கொண்டனர். எனவே, சைக்கிளின் ஒப்பனைகள் இரண்டும் மோட்டார் சைக்கிளுக்கும் வந்து சேர்ந்தன. இரும்புச் சட்டத்தின்மேல் பூசிச் சூளையில் சுட்டெடுத்த கருவண்ணம் ஒன்று. கைப்பிடி முதலிய உறுப்புகளின்மேல் மின்வழிப் படியவைத்த நிக்கல் முலாம் மற்றொன்று. நிக்கல் முலாமிடும் முறைக்கு அமெரிக்கரான ஐசக் ஆடம்ஸ் 1869இல் காப்புரிமை பெற்றிருந்தார்.

நிக்கல் அழகியது, ஆனால், காற்றுப்பட்டால் நாளடைவில் மஞ்சள் பாய்ந்து மங்கிவிடும் இயல்புடையது. அக்காலத்து வண்டிகளின் கார்பைடு விளக்குகளும் ஊதுகுழல்களும் பெரும்பாலும் பித்தளையாலானவை. பித்தளையோ நிக்கலைவிட விரைவாகக் கறுக்கும். ஆகவே, வாரந்தோறும் தேய்ப்பதற்கு ஆள் வேண்டியிருந்தது. 1905இல் இங்கிலாந்தின் ஹல் நகரைச் சேர்ந்த ரெக்கிட் நிறுவனம் ‘பிராசோ’ என்னும் திரவ மெருகை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் இத்தகைய தேவைகளை ஒட்டித்தான். தமிழ்ப் பெண்டிர் குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் கொண்டு துலக்கிய முறைக்கும் அதற்கும் அடிப்படையில் பெரிய வேறுபாடில்லை. புளியின் அமிலம் கறையைக் கரைக்கிறது; சாம்பலின் நுண்துகள் அதனைத் தேய்த்தெடுக்கிறது. குப்பியில் அடைத்து விற்ற மருந்தும், நுண்துகளும் கறைநீக்கியும் சேர்ந்த கலவையே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தோருள் ரப்பர்த் தோட்டத்துத் துரைமார் குறிப்பிடத்தக்கவர்கள். செம்மண் சடக்குகளில் ஓடிச் சேறு பூசிவந்த அவ்வண்டிகளைக் கழுவித் துடைத்தவர்கள் அவர்தம் பங்களாப் பணியாளர்கள். தோட்டத் தொழிலாளிக்கு மோட்டார் சைக்கிள் அன்று துடைப்பதற்குரிய பொருளாக இருந்ததேயன்றி, ஏறிச் செல்வதற்குரிய பொருளாக இருக்கவில்லை.

நிக்கலும் குரோமியமும்

ஈரமும் காற்றும் சேர்ந்தால் இரும்பு துருப்பிடிக்கும். உப்புச் சேர்ந்தால் இன்னும் விரைவாகப் பிடிக்கும். அலுமினியத்தின்மேல் தோன்றும் ஆக்சைடுப் படலம் அவ்வுலோகத்தைப் போர்த்துக் காக்கிறது. இரும்பின் துருவோ அவ்வாறு காப்பதில்லை. அது பருத்து, வெடித்து, உதிர்ந்து, அடியிலுள்ள புதிய இரும்பைக் காற்றுக்குக் காட்டிக்கொடுக்கிறது. பெரும்பாலான பகுதிகளில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பொழிகின்ற, காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கின்ற தீபகற்பத்தில் இரும்புக்கு ஓய்வே இல்லை எனலாம்.

இப்போராட்டத்தில் ஒரு திருப்பத்தை உண்டாக்கியது குரோமியம். 1797இல் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லன் கண்டறிந்த உலோகம் இது. அதன் சேர்மங்கள் காட்டிய பல வண்ணங்களால், நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயரிட்டனர். ஆயினும், அதனைத் தொழிற்கூடங்களில் முலாமாகப் படியவைக்கும் வழி 1920களில்தான் கைவந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலின் ஃபிங்க் என்பாரும் அவருடன் உழைத்தோரும் அதற்கு வழிவகுத்தனர். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கார்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் குரோமியம் மின்னத் தொடங்கிற்று. 1937இல் டிரையம்ஃப் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்பீட் ட்வின்’ வண்டியின் செந்நிறமும் குரோமிய எண்ணெய்த் தொட்டியும் அக்காலத்து இளைஞரின் கண்களைக் கவர்ந்தன.

குரோமியத்தைப் பற்றி ஓர் உண்மையைப் பலர் அறிவதில்லை. அலங்காரக் குரோமியத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பளபளப்புக்கும் காப்புக்கும் பெரிதும் பொறுப்பேற்பது அதனடியில் அதைவிடப் பன்மடங்கு கனமாகப் பூசப்பட்டிருக்கும் நிக்கலே. மேலுள்ள குரோமியம் நிக்கலை மங்கவிடாமல் காக்கும் மெல்லிய கண்ணாடி போன்றது. அக்கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளும் வெடிப்புகளும் உண்டு. ஈரம் அவற்றின் வழியே இறங்கி இரும்பைத் தொட்டுவிட்டால், செம்புள்ளிகள் மேலே அரும்புகின்றன. ‘குரோமியம் துருப்பிடித்துவிட்டது’ என்று மக்கள் சொல்வது வழக்கம். உண்மையில் துருப்பிடிப்பது அடியிலுள்ள இரும்பு. புள்ளி சிறிதாக இருக்கும்போதே துடைத்து மெழுகிடுவோன் வண்டியைக் காப்பாற்றுகிறான். கவனியாது விடுவோன் முலாம் செதில் செதிலாக உரிவதைக் காண்கிறான். வாரந்தோறும் துடைப்பது வீண்வேலை அன்று என்பதற்கு இதுவே முதற்காரணம்.

தேய்ப்பதும் பூசுவதும்

மெருகிடுதல் என்று ஒரே சொல்லால் வழங்கப்படும் செயலுக்குள் நேர்மாறான இரு செயல்கள் அடங்கியுள்ளன. ஒன்று குறைப்பது, மற்றொன்று கூட்டுவது. உலோக மெருகும் வண்ணப்பூச்சுக்குரிய தேய்ப்பு மருந்தும் குறைக்கும் இனத்தைச் சேர்ந்தவை. அவை மேற்பரப்பின் மங்கிய பகுதியை நுண்ணிய அளவில் அரைத்து நீக்கி, அடியிலுள்ள புதிய பரப்பை வெளிக்காட்டுகின்றன. மெழுகு கூட்டும் இனத்தைச் சேர்ந்தது. அது எதனையும் நீக்குவதில்லை. பரப்பின்மேல் நீர் ஒட்டாத மெல்லிய போர்வையைப் பரப்புகிறது.

இம்மெழுகுகளுள் புகழ்பெற்றது கார்னாபா. பிரேசில் நாட்டின் வடகிழக்கே சியாரா, பியாவி முதலிய வறண்ட மாநிலங்களில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து அது கிடைக்கிறது. கடும் வெயிலில் தன் ஈரம் வற்றிப்போகாதிருக்க அம்மரம் ஓலையின்மேல் மெழுகைச் சுரந்து பூசிக்கொள்கிறது. ஓலைகளை வெட்டி உலர்த்தி அடித்தால் மெழுகு தூளாக உதிரும். தேன்மெழுகு 62 முதல் 65 பாகை செல்சியசில் உருகிவிடும். கார்னாபாவோ 80 பாகையைத் தாண்டியே உருகும். வெயிலில் நிற்கும் வண்டிக்கு இஃது ஏற்றது என்பதை அறிந்து, இருபதாம் நூற்றாண்டின் வாகன மெழுகு செய்வோர் இதனைப் பெரிதும் பயன்படுத்தினர். ஒரு மரம் தன்னைக் காத்துக்கொள்ளக் கண்ட வழியை மனிதன் தன் இரும்புக்கும் கடன் வாங்கிக்கொண்டான்.

குறைப்பதற்கும் கூட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை அறியாதோரால் அழிந்த வண்டிகள் பல. பித்தளை விளக்குக்குப் பொருந்திய சாம்பலும் செங்கற்பொடியும் வண்ணப்பூச்சின்மேல் பட்டால் கீறல்களே மிஞ்சும். தேய்ப்பு மருந்தை வாரந்தோறும் இட்டால், சில ஆண்டுகளில் தொட்டியின் விளிம்புகளில் வண்ணம் தேய்ந்து அடிப்பூச்சு எட்டிப்பார்க்கும்.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு தமிழகத்திலேயே உண்டு. இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தாரும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் சேர்ந்து 1955இல் சென்னையில் தொடங்கிய தொழிலில், திருவொற்றியூர் ஆலையின் கைவினைஞர்கள் எண்ணெய்த் தொட்டியின்மேல் பொற்கோடுகளைத் தூரிகை கொண்டு கையாலேயே வரைந்தனர். அளவுகோலின் துணையின்றி ஒரே மூச்சில் இழுக்கப்பட்ட அக்கோடுகள் தேய்ப்பு மருந்தைத் தாங்கா. வரைந்தவனின் கையை மதிப்பவன் அவ்விடத்தில் மெழுகு மட்டுமே இடுவான். பளபளப்பை மிகவும் விரும்பித் தேய்த்தவனே பளபளப்புக்குரியதை அழித்துவிடக்கூடும் என்பது இத்தொழிலின் முதற்பாடம்.

ஒளி பகையான காலம்

மெருகின் வரலாற்றில் ஓர் இடைவெளி உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பளபளப்பு பகையாயிற்று. பர்மிங்ஹாம் நகரின் பி.எஸ்.ஏ. நிறுவனம் பிரிட்டிஷ் படைக்கென்று 1,20,000க்கும் மேற்பட்ட ‘எம் 20’ மோட்டார் சைக்கிள்களைச் செய்து கொடுத்தது. அவற்றில் மின்னும் தொட்டியில்லை, பொற்கோடில்லை. காக்கியோ பசுமை கலந்த மண்ணிறமோ ஒளியற்ற பூச்சாக முழு வண்டியையும் மூடிற்று. சூரிய ஒளி குரோமியத்தில் பட்டுத் தெறித்தால், வானிலிருந்து நோக்கும் பகைவனுக்கு அது வழிகாட்டிவிடும். நிக்கலும் குரோமியமும் படைக்கலன்களுக்குத் தேவைப்பட்டமையும் மற்றொரு காரணம். முகப்பு விளக்கின்மேலும் மூடியிட்டு ஒளியை ஒரு கீற்றாக்கினர்.

மலாயாவுக்குப் போர் 1941 டிசம்பரில் வந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. தொடர்ந்த மூன்றரை ஆண்டுகளில் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் கிடைப்பது அரிதாயிற்று. வெளியே காட்டுவதைவிட மறைத்துவைப்பதே அறிவுடைமை என்றிருந்த காலம் அது.

போர் ஓய்ந்த பின்னர், துருவை எதிர்ப்பதற்குப் புதிய துணையொன்று வந்தது. 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் ஏவுகணைகளைத் துருவிலிருந்து காப்பதற்கென்று ஒரு நிறுவனம் கலவையொன்றை உருவாக்க முயன்றது. நாற்பதாம் முயற்சியில் வெற்றி கிட்டியது. ஈரத்தை விலக்கும் மருந்து என்னும் பொருளுடைய சொற்களின் முதலெழுத்துகளோடு அவ்வெண்ணையும் சேர்த்து ‘டபிள்யூடி 40’ என்று பெயரிட்டனர். 1958இல் அது கடைகளுக்கு வந்தது. அதே ஆண்டில் ஜப்பானில் தோன்றிய ஒரு சிறு வண்டி, கிழக்காசியாவின் தெருக்களையே மாற்றியது.

கழுவியவர் கொண்டுவந்த வண்டி

1958 ஆகஸ்டில் ஹொண்டா நிறுவனம் ‘சூப்பர் கப்’ வண்டியை வெளியிட்டது. சோய்ச்சிரோ ஹொண்டாவும் தாக்கியோ ஃபுஜிசாவாவும் எண்ணியெண்ணிச் சமைத்த அவ்வண்டி, பெரிய தொட்டியைக் கால்களுக்கிடையில் வைத்து வீறுகாட்டும் வண்டியன்று. வேட்டியோ சாரோங்கோ கட்டியவரும் காலைத் தூக்கி வீசாமல் ஏறி அமரலாம். சங்கிலி முழுவதும் உறைக்குள் அடங்கியிருந்தது. முன்சக்கரத்தின் மட்காப்பும் கால்களைச் சேற்றிலிருந்து காக்கும் முன்தட்டும் பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. பிளாஸ்டிக் துருப்பிடிப்பதில்லை. துலக்கும் கையின் வேலையில் ஒரு பங்கை அவ்வண்டியைப் படைத்தவர்களே குறைத்துவிட்டனர் என்பது இதன் பொருள். 2017ஆம் ஆண்டுக்குள் அவ்வகை வண்டிகளின் மொத்த உற்பத்தி 10 கோடியை எட்டிற்று.

அவ்வண்டியை மலாயாவுக்குக் கொண்டுவந்தவர் பினாங்கின் லோ பூன் சியூ. சீனாவிலிருந்து சிறுவனாக வந்து, மோட்டார்ப் பட்டறையில் வேலை பயின்று, பேருந்துகளைக் கழுவியும் காசு சேர்த்து முன்னேறியவர் அவர். 1958இல் ஹொண்டாவின் முகவுரிமையைப் பெற்றார். பிறர் ஊர்திகளைக் கழுவிய கை, எளியோர் தம் ஊர்தியைத் தாமே கழுவும் நிலைக்கு வழிதிறந்தது என்றால் மிகையன்று. அச்சிறு வண்டிக்கும் அதன் வழிவந்த வண்டிகளுக்கும் மக்கள் ‘கப்சாய்’ என்று செல்லப்பெயர் இட்டனர். பின்னர் யமஹாவும் சுசுக்கியும் போட்டியிட்டன. 1996இல் கெடாவின் கூருன் நகரிலிருந்து மலேசியாவின் சொந்த வண்டியாகிய ‘மோடெனாஸ் கிரிஸ்’ வெளிவந்தது.

லயத்து வாசலில்

தோட்டத் தொழிலாளியின் வாழ்வில் இச்சிறு வண்டி பெற்ற இடத்தை உணர்வதற்கு, அதற்கு முன்னிருந்த நிலையை நோக்க வேண்டும். அவன் குடியிருந்த லயம் தோட்டத்துக்குச் சொந்தம். அவன் பால்வெட்டிய மரமும் நடந்த சடக்கும் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் பல துண்டுகளாக்கி விற்கப்பட்டபோது, பரம்பரை பரம்பரையாக வாழ்ந்த குடும்பங்கள் சட்டிபானைகளோடு வெளியேறியதற்குக் காரணமும் அதுவே. எடுத்துச் செல்லத்தக்க உடைமை என்று அவர்களிடம் இருந்தவை சில நகைகள், சில பாத்திரங்கள், ஒரு சைக்கிள்.

அந்நிலையில் வாங்கிய மோட்டார் சைக்கிள் வெறும் போக்குவரத்துக் கருவி மட்டுமன்று. தோட்டத்துக்கு வெளியே வேலை தேட அது வழிசெய்தது. பிள்ளையைப் பட்டணத்துப் பள்ளிக்குக் கொண்டு சேர்த்தது. நோயுற்ற தாயை நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றது. அரசாங்கத்தின் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேராக எழுதப்பட்ட முதல் உடைமையாகவும் பல குடும்பங்களில் அதுவே இருந்தது.

ஆயினும், அவ்வுடைமையும் முழுமையானதன்று. பெரும்பாலோர் அதனைத் தவணைக்கே வாங்கினர். மலேசியாவின் 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின்படி, கடைசித் தவணை கட்டித் தீரும்வரை வண்டி நிதி நிறுவனத்துக்கே உரியது. தவணை தவறினால் உரிய முன்னறிவிப்புக்குப் பின் அதனை இழுத்துச் செல்லலாம். இங்கேதான் மெருகின் பொருள் ஆழமாகிறது. சட்டத்தால் இன்னும் தன்னுடையதாகாத வண்டியை அவன் ஞாயிறுதோறும் துடைத்தான். தாளில் எழுதப்படுமுன்பே அவன் தன் உழைப்பால் அவ்வுரிமையை எழுதிக்கொண்டிருந்தான். துருப்பிடித்த வண்டியை விற்றால் மீதக் கடனுக்கும் போதாது. பேணிய வண்டியை விற்றால் கடனும் தீர்ந்து கையிலும் சிறிது நிற்கும். எனவே, துலக்குவது பாசம் மட்டுமன்று. அது கணக்கும் ஆகும்.

தோட்டத்து வேலையே வண்டிக்குப் பகையாக இருந்தது என்பதையும் கருத வேண்டும். ரப்பர்ப் பாலை உறையவைக்கப் பயன்படும் ஃபார்மிக் அமிலம் உலோகத்தை அரிக்கக்கூடியது. ஈரம் வடியாத ரப்பர்த் தாள்களையும் கட்டிப்பாலையும் பின்தட்டில் ஏற்றிச் சென்றால், வடியும் புளித்த நீர் மட்காப்பின் அடியிலும் ஆரக்கம்பிகளிலும் தங்கிவிடும். அதனை அன்றே நல்ல நீரால் அலசாமல் விட்டால், கம்பிகள் விரைவிலேயே செந்நிறம் காட்டும். லயத்துப் பொதுக்குழாயடியில் மாலைவேளையில் வண்டி கழுவியவன் அழகுக்காக மட்டும் கழுவவில்லை.

நவராத்திரியின் ஒன்பதாம் நாளாகிய ஆயுத பூசையன்று இவ்வுழைப்பு வழிபாடாகவும் மலர்ந்தது. பால்வெட்டும் கத்தியும் வாளியும் வைக்கப்பட்ட இடத்தருகே, கழுவித் துடைத்த மோட்டார் சைக்கிளும் சந்தனமும் குங்குமமும் மாலையும் பெற்று நின்றது. தன்னை வாழவைக்கும் கருவியைத் தூய்மை செய்து வணங்கும் அப்பழம் மரபு, ஜப்பானில் பிறந்த வண்டியையும் எவ்விதத் தயக்கமுமின்றித் தன்னுள் ஏற்றுக்கொண்டது.

கண்ணும் கையும்

வீட்டில் வண்டி துலக்குவோர் அனுபவத்தால் கண்ட ஒழுங்கு ஒன்று உண்டு. இயந்திரம் ஆறிய பின்னரே தண்ணீர் ஊற்றுவர். சூட்டில் ஊற்றினால் நீர் உடனே காய்ந்து வெண்திட்டுகள் படியும். முதலில் வெறும் நீரால் மணலை நனைத்து அகற்றுவர்; மணலோடு தேய்த்தால் அதுவே உப்புத்தாள் ஆகிவிடும். மேலிருந்து கீழாகச் சவர்க்கார நீரால் துடைத்து, சக்கரங்களைக் கடைசியில் கழுவுவர். பிறகு மெல்லிய துணியால் ஈரம் ஒற்றி, நிழலில் நிறுத்தி மெழுகிடுவர். மெழுகு படக்கூடாத இடங்களும் உண்டு. டயரின் தரைபடும் பகுதி, இருக்கை, பிரேக்குத் தட்டு ஆகியவற்றில் வழுவழுப்பு இருந்தால், அது உயிருக்கே உலைவைக்கும்.

வெளித்தெரியும் சங்கிலியை மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு தூய்மை செய்யும்போது, இயந்திரத்தை ஓடவிட்டுச் சக்கரம் தானே சுழலட்டும் என்று விடுவோர் சிலர். சங்கிலிக்கும் பற்சக்கரத்துக்கும் இடையே துணி சிக்கி, துணியோடு விரலும் போன நிகழ்ச்சிகள் பல நாடுகளில் நடந்துள்ளன. சக்கரத்தைக் கையால் சுழற்றுவதே முறை. பெட்ரோலால் கழுவுவதும் தீயோடு விளையாடுவதே. கழுவி முடித்தபின், பிரேக்கில் நீர் தங்கியிருக்கக்கூடும் ஆதலால், மெல்ல ஓட்டிப் பிரேக்கைச் சோதித்த பின்னரே சாலைக்குச் செல்லல் வேண்டும்.

இவ்வொழுங்கின் உண்மையான பயன் வேறொன்று. மலேசியாவில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோர். துணியோடு ஒவ்வோர் உறுப்பையும் தொட்டுச்செல்லும் கை, கண் காணாததைக் காண்கிறது. தளர்ந்த ஆரக்கம்பி விரலுக்குத் தெரிகிறது. டயரில் ஏறிய ஆணி, தேய்ந்த பிரேக்குக் கட்டை, நைந்த கம்பிவடம், எண்ணெய் கசியும் மூட்டு, சட்டத்தின் பற்றவைப்பில் மயிரிழை போன்ற வெடிப்பு ஆகிய யாவும் அழுக்கு நீங்கும்போதே வெளிப்படுகின்றன. புறத்தைத் துலக்கும்போது குறையும் துலங்குகிறது. விளக்குதல் என்னும் சொல்லின் இரு பொருளும் இங்கே ஒன்றாகின்றன.

மாறிவரும் துலக்கம்

காலப்போக்கில் மெருகின் உழைப்பு கையைவிட்டு வேதியியலுக்குக் குடிபெயர்ந்தது. 1913இல் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி கண்ட துருவேறா எஃகு, வண்டியின் பல உறுப்புகளில் இடம்பெற்றது. வண்ணத்தின்மேல் நிறமற்ற காப்புப்பூச்சு வந்தது. அண்மைக் காலத்தில் சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட செராமிக் பூச்சுகள் மெழுகின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியுள்ளன. ஒருமுறை பூசினால் அவை மெழுகைவிட நெடுநாள் நிற்கின்றன. போர்க்காலத்து ஒளியற்ற பூச்சோ இன்று புதுப்பாணியாகத் திரும்பி வந்திருக்கிறது. அதனைத் தேய்த்து மெருகிட்டால் திட்டுத் திட்டாக மின்னிக் கெட்டுவிடும். பழைய கைப்பழக்கம் அங்கே பயன்படாது. புதிய அறிவு வேண்டும்.

தோட்டங்களைவிட்டுப் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்கு வந்த குடும்பங்களுக்கு வாசலும் இல்லை. வாசலில் குழாயும் இல்லை. ஆகவே, வண்டி நுரைகொண்டு கழுவும் கடைக்குச் செல்கிறது. அழுத்தமாகப் பீய்ச்சும் நீர் சில நிமிடங்களில் சேற்றை அகற்றிவிடுகிறது. ஆனால், அந்நீரைச் சக்கர அச்சின் உருளைகளுக்கும் மின்னிணைப்புகளுக்கும் நேராகப் பாய்ச்சினால், காப்பு வளையங்களைக் கடந்து உள்ளே புகுந்து, வெளியே தெரியாத துருவை வளர்க்கும். விரைந்து செய்யும் கைக்குத் தளர்ந்த ஆரக்கம்பியைத் தடவிப் பார்க்கும் பொழுதும் இல்லை, பொறுப்பும் இல்லை. சைஸ் காலத்திலிருந்த பிரிவு, அஃதாவது உடைமை ஒருவருடையது, துலக்கும் உழைப்பு மற்றொருவருடையது என்னும் பிரிவு, வேறு வடிவில் மீண்டும் வந்திருக்கிறது.

இதனால் புதியன யாவும் தீயன என்று கொள்ளல் ஆகாது. துருவேறா எஃகும் பிளாஸ்டிக்கும் எளியோரின் உழைப்பை மிச்சப்படுத்தின. அம்மிச்சத்தைப் பிள்ளைகளின் படிப்புக்கும் ஓய்வுக்கும் செலவிட்ட குடும்பங்கள் பல. கடையில் கழுவினாலும், மாதம் ஒருமுறையேனும் வண்டியை உடையவன் தன் கையால் அதனை அச்சு முதல் விளக்கு வரை தொட்டுத் துடைத்துப் பார்க்க வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்துவது. பங்களாத் தாழ்வாரத்தில் பிறருடைய வண்டியைத் துடைத்த பாட்டனுக்குக் கிட்டாத உரிமை அது. லயத்து வாசலில் தவணைக்கு வாங்கிய வண்டியைத் துடைத்த தந்தை, மாதந்தோறும் கட்டிக் கட்டிப் பெற்ற உரிமை அது. பேரனுக்கு அது ஒரு வாளித் தண்ணீருக்கும் ஒரு மணி நேரத்துக்கும் கிடைக்கிறது.